எட்டு விநாடி

"உங்க வெர்லினுக்கு வெட்கமே இல்லையா?"

காலையிலிருந்து இது நாற்பதாவது போன். எடுப்பவன் நான். வெர்லினின் ரேடியோ நிகழ்ச்சியில் பேசக் கூப்பிடும் நேயர்களிடம் பேரும் விஷயமும் கேட்டு, உருப்படியாகப் பேசுகிறவர்களை ஸ்டூடியோவுக்குள் அனுப்புவது என் வேலை.

"எதிராளி என்ன வேணா பேசட்டும், பதில் சொல்லிக்கலாம்னு தினமும் தொண்டை கிழியக் கத்துறாரு. நேத்து ஒரு பொம்பளை மடக்கினதும் பட்டனை அமுக்கிட்டாரே! கோழை!"

"சொல்லிடறேன் சார்" என்று வைத்தேன்.

என்ன சொல்ல? எனக்கே அவர் மேல் கோபம்தான். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் எங்கள் பக்கத்துப் பழமைவாதிகளான கன்சர்வேடிவ்களுக்கு வெர்லின் குரல் இல்லாமல் காலைக் காபி இறங்காது. அப்பேர்ப்பட்ட ஆள்!

எங்கள் ரேடியோவில் பேசுவது எட்டு விநாடி தாமதமாகத்தான் ஊருக்குப் போகும். எவனாவது குடித்துவிட்டுக் கெட்ட வார்த்தை பேசினால் சிவப்புப் பட்டன். அமுக்கினால் அந்த எட்டு விநாடி அம்போ. வெளி அறையில் உட்கார்ந்திருக்கும் எனக்கும் ஊர் கேட்பதுதான் கேட்கும்.

நேற்று வந்த விருந்தாளி கோரீன். தலைநகரத்துப் பத்திரிகையில் எழுதுகிறவள், நேர் எதிர் கட்சி. நாலு வருஷம் முன்னால் வெர்லின் டி.வி.யில் வாய் தவறி ஒரு வார்த்தை விட்டார். அதை வைத்து இவள் எழுதிய எழுத்தில் அவர் வேலை போனது. அதன் பிறகுதான் இந்தச் சோளக்காட்டு ரேடியோவுக்கு வந்து சேர்ந்தார். அன்றிலிருந்து, "ஒத்தை வார்த்தைக்காக யார் சோத்துலயும் மண்ணை அள்ளிப் போடாதீங்க" என்று சொல்லாமல் நிகழ்ச்சியை முடித்ததில்லை.

போன ஏப்ரல் சூறாவளியில் ஒன்பது பேரைப் புதைத்த ஊர் இது. அதைப் பற்றி நகரத்துப் பத்திரிகைகள் ரெண்டே வரி போட்டதைத்தான் நேற்று வெர்லின் கேட்டார். அவள் குரல் ஏறியது. டொக். அப்புறம் டிராக்டர் விளம்பரம்.

விடிந்ததும் நகரத்துப் பத்திரிகைகளில், 'உண்மைக்குப் பயந்து வாயை அடைத்தார்' என்று கொட்டை எழுத்து. அந்த டிராக்டர் கடைக்காரர் இனி எங்களுக்கு விளம்பரமே தருவதில்லை என்று சொல்லிவிட்டார். விதைக்கடைக்காரரும் சேர்ந்துகொண்டார்.

ஒன்பதே முக்காலுக்கு முதலாளி லைல் வந்தார். கையில் கவர்.

"ட்வேன், அந்த மனுஷன் வாயைத் திறந்தானா?"

"இல்லைங்க. ஏன் அமுக்கினீங்கன்னு கேட்டா, கை பட்டுடுச்சுங்கிறாரு."

"கை பட்டுச்சாமா! பத்து மணிக்கு நிகழ்ச்சி முடியுது. அதோட அவனும் முடிஞ்சான், வேலையை விட்டுத் தூக்குற லெட்டர் இதோ இருக்கு. பதினஞ்சு வருஷமா நான் நடத்துற ஸ்டேஷன்யா இது, இவன் கொழுப்புக்கு இழுத்து மூடணுமா?"

போன் அடித்தது. கை ஓயாமல் எழுதிக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"பேரு? என்ன விஷயம்?"

"கோரீன். நேத்து வந்தேனே."

லைல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னும் என்னம்மா வேணும்? ஊரே உங்களைத்தான் கொண்டாடுது."

"அதான் தூக்கம் வரலை. நேத்து நான் என்ன பேசினேன்னு அவர் சொல்லலையா?"

"இல்லையே."

லைல் ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்டினார்.

"கோபத்துல சொல்லிட்டேங்க. ரெண்டு வரியே அதிகம், இன்னும் ஒன்பது பேர் போயிருந்தா எங்க கட்சிக்கு எதிரா ஒன்பது ஓட்டு குறைஞ்சிருக்கும்னு சொல்லிட்டேன்."

எனக்குக் காது சுட்டது. சூறாவளியில் போன ஒன்பது பேரில் ஒருத்தி என் சித்தி.

"சொன்ன உடனேதான் எனக்கே உறைச்சுது. தொலைஞ்சேன், வேலை போச்சு, ரெண்டு பிள்ளைங்களை வச்சுக்கிட்டு எங்கே போவேன்னு உட்கார்ந்திருந்தேன். அவர் ஒரு துண்டுச் சீட்டைத் தள்ளினாரு. 'நீங்க சொன்னது வெளியே போகலை. காபியைக் குடிங்க'ன்னு எழுதியிருந்தது. அவருக்கு நான் என்ன பண்ணினவ, தெரியும்ல?"

"தெரியும்."

"என்னை உள்ளே போடுங்க. நானே ஊருக்குச் சொல்லிடறேன்."

லைலைப் பார்த்தேன். "போடுய்யா சீக்கிரம்!" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். அப்பாடா, மனுஷன் பிழைத்தார் என்று லைனை உள்ளே தட்டிவிட்டேன்.

ரேடியோவைப் பெரிதாக வைத்தோம்.

"வாங்க கோரீன், பிள்ளைங்க நல்லா இருக்காங்களா?" வெர்லின் குரல்.

"நல்லா இருக்காங்க. வெர்லின், நேத்து நான்..."

டொக்.

லைலும் நானும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம்.

"நேயர்களே, இன்னைக்கும் கை பட்டுடுச்சு" என்றார் வெர்லின். "திட்டணும்னா நம்பர் உங்களுக்கே தெரியும். கிளம்பறதுக்கு முன்னாடி வழக்கமா சொல்றதுதான். ஒத்தை வார்த்தைக்காக யார் சோத்துலயும் மண்ணை அள்ளிப் போடாதீங்க."

ஆறு லைனும் ஒரே நேரத்தில் அலறின. நான் கை நீட்டுவதற்குள், லைல் கவரை ரெண்டாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு முதல் போனை எடுத்தார்.

"உங்க வெர்லினுக்கு வெட்கமே இல்லையா?" என்று கேட்டது டிராக்டர் கடைக்காரர் குரல்.

"அவனை ஏன்யா திட்டறே?" என்றார் லைல். "அமுக்கச் சொன்னதே நான்தான். என்னைத் திட்டு."