ஞாயிறு தவறாமல்

"பூ விட்டுருச்சும்மா. கிள்ளி வுட்டுடறேன். இல்லன்னா இலை தழையாது" என்றான் லூர்து பிரகாஷ்.

சவரியம்மாள் தோட்டத்து வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் கறிவேப்பிலைச் செடியின் பூங்கொத்துகளைக் கிள்ளி எறிந்தான். வேரடியில் முளைத்த கன்றுகளைப் பிடுங்கினான். பண்ருட்டியிலிருந்து பாட்டிலில் கொண்டுவந்த புளித்த மோரைத் தண்ணீரில் கலந்து ஊற்றினான். சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

"அந்தக் கெளையில புழு இருக்கு. கண்ணு தெரியல?"

"எடுத்துடறேம்மா."

பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த இளவரசி மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "இந்த வெயில்ல பஸ்ல வரீங்களே தம்பி, ஒரு பைக் வாங்கிக்கக் கூடாதா?"

"வண்டி ஓட்டறதையே வுட்டுட்டேங்க்கா" என்றான், நிமிராமல்.

வேலை முடிந்ததும் குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டு, "போயிட்டு வரேம்மா" என்றான்.

அவன் தெருமுனை திரும்பும்வரை இளவரசி பொறுத்திருந்தாள்.

"ஏங்க்கா, இலை எவ்ளோ தளதளன்னு இருக்கு. ரெண்டு கொத்து பறிச்சுக்கட்டுமா?"

"வேணாம். அதுல யாரும் கை வெக்கக் கூடாது. எங்க வீட்டுக் கொழம்புக்கே கடையிலதான் வாங்கறேன்."

இளவரசிக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"தப்பா நெனைக்காதீங்க. நான் வந்த நாளா பாக்கறேன், ஞாயித்துக்கிழமை தவறாம வருது அந்தப் புள்ள. ஒரு டம்ளர் தண்ணி குடுக்க மாட்டேங்கறீங்க. பெத்த மவன்கிட்ட அப்படி என்னக்கா கோவம்?"

சவரியம்மாள் எழுந்து நாற்காலியை மடக்கினாள்.

"என் மவன் செத்து நாலு வருஷம் ஆச்சு. இது அவன் வெச்ச செடி."

"அப்ப இவரு?"

"லாரியால அவன அடிச்சுட்டு நிக்காமப் போனவன். ஜெயில்லேர்ந்து வந்து கால்ல வுழுந்தான். வாராவாரம் வந்து என் புள்ள செடியப் பாத்துக்கன்னு சொன்னேன்."

இளவரசிக்குக் கண் கலங்கியது. "எவ்ளோ பெரிய மனசுக்கா உங்களுக்கு. மன்னிச்சிட்டீங்களே!"

"மன்னிச்சா வர்றத வுட்டுருவான்" என்றாள் சவரியம்மாள். "வர்றத வுட்டா, மறந்து நிம்மதியா இருந்துருவான்."