மத்ரூஹ் போவது யாருக்கும் தெரியக்கூடாது

எந்தக் கோடை என்று எனக்குச் சரியாக நினைவில்லை. கெய்ரோவில், எங்கள் கட்டடத்தில் நடந்தது.

நஜ்லா கணவனிடம் கிசுகிசுத்தாள். "மத்ரூஹ் கடற்கரைக்குப் போறோம்னு மூச்சு விட்டுடாதீங்க. போன தடவை மேல்வீட்டு வஜ்தி அம்மா காதுல விழுந்துது. மறுநாளே நம்ம பையன் ஹாதிம் கால ஒடிச்சுக்கிட்டான். பயணமே போச்சு."

"அவன் சுவரேறிக் குதிச்சான்டி."

"அவ கண்ணு பட்டுத்தான் குதிச்சான்."

பெட்டியோடு இறங்கும்போது வஜ்தி அம்மாவே எதிரே வந்தாள்.

"என்ன ஹாதிம் அம்மா, பெட்டியும் கையுமா?"

நஜ்லா பெட்டியைப் பின்னால் நகர்த்தினாள். "தன்தா ஊர்ல இருக்கிற அக்காவுக்கு உடம்பு சரியில்ல."

"அடப்பாவமே! நானும் மன்சூராவுக்கு ஒரு சாவுக்குத்தான் கெளம்பறேன்."

வழியெல்லாம் நஜ்லா மகனின் காலைப் பிடித்தபடியே வந்தாள்.

மறுநாள் காலை மத்ரூஹில் பால்கனிக் கதவைத் திறந்தாள். அடுத்த பால்கனியில் வஜ்தி அம்மா! நஜ்லாவைக் கண்டதும் அவள் சட்டென்று தன் மகன் வஜ்தியை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"உன் கண்ணுக்குப் பயந்துதானேடி சாவுன்னு பொய் சொன்னேன்! போன வருஷம் நீ 'குடுத்துவச்சவங்க'ன்னு சொன்ன, எங்க கார் நடுவழியில நின்னுடுச்சு!"

இரண்டு குடும்பமும் நன்றாகக் குளித்து, கறுத்து, முழுசாக ஊர் திரும்பின. நஜ்லா மட்டும் கடலில் விளையாடிய எந்தப் பிள்ளையையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.