ஒற்றை ‘என்’

“அரே, சின்னமனுக்கு இங்கிலீஷ்ல நடுவுல ரெண்டு ‘என்’ வரணும்! நீ ஒண்ணுதான் போட்டிருக்கே. நாலு பேர் பார்த்தா உன் மானம்தான் போகும்.”

சூசைமேரி ஆன்லைனில் விற்கும் அந்தமான் பட்டையின் ‘சின்னமன்’ என்ற ஆங்கிலப் பெயரைக் கணவர் வியாகுலமே திருத்திவிட்டார்.

தேடினால் முதலில் வந்துகொண்டிருந்த பட்டை, மறுநாளே ஒன்பதாம் பக்கத்துக்குப் போனது. வாரம் முழுக்க ஒரு ஆர்டர்கூட இல்லை.

சூசைமேரி அந்த ‘என்’னை அழித்தாள். மாலைக்குள் ஆறு ஆர்டர்.

“சரியான ஸ்பெல்லிங் போட்டுத் தேடுறவங்களுக்கு மெயின்லேண்ட்ல ஆயிரம் கடை. தப்பா தேடுறவங்களுக்கு நான் ஒருத்திதான்!”

“இந்தத் தப்பைத்தான் பண்ணுவாங்கன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

சூசைமேரி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“முப்பது வருஷம் இங்கிலீஷ் டீச்சரா எத்தனை பேப்பர் திருத்தியிருப்பேன்! நூத்துக்குத் தொண்ணூறு பேர் இந்த ‘என்’லதாங்க கோட்டை விட்டாங்க!”