ஏழரை மணிக் கோளாறு

சரியாக ஏழரைக்கு மின்விசிறி நின்றது.

ஜெயபாலன் போர்வைக்குள் இருந்தபடியே எண்ணினான். இன்றோடு எட்டு நாள்.

எழுந்தான். மின்சாரம் இல்லாத கூடம் கும்மிருட்டாக இருந்தது. வாசல் கதவைத் திறந்தால்தான் கொஞ்சம் வெளிச்சம்; திறந்தான். கதவோரம் கிடந்த பிளாஸ்டிக் ஸ்டூலில் ஏறி, நிலைக்கு மேலே இருந்த மின்பெட்டியைத் திறந்து, கீழே விழுந்திருந்த சுவிட்சை மேலே தள்ளினான். அடுப்படியில் குளிர்பெட்டி உறுமத் தொடங்கியது.

வெளியே மழை. கடல் காற்று முகத்தில் அறைந்தது. பக்கத்து வீட்டுச் செல்லம் அக்கா குடையோடு மார்க்கெட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"ஏழரைக்குன்னு பார்த்து டிரிப் ஆகுதா? ஒயர விடு தம்பி, ஜாதகத்தப் பாருலா!"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்த பிறகுதான், தான் சிரித்ததே அவனுக்குத் தெரிந்தது.

மலேசியக் கடலோர ஊரான மெர்சிங்கில் நவம்பர் பிறந்தால் கடல் கொந்தளிக்கும். பிப்ரவரி வரை தீவுகளுக்கு அநேகமாகப் படகு போகாது. படகு போகாவிட்டால், படகு எஞ்சின் பழுது பார்க்கும் ஜெயபாலனுக்கும் வேலை இல்லை.

போன மழைக்காலத்தில் அவன் படுத்துவிட்டான். காய்ச்சல், வலி எதுவும் இல்லை. சும்மா படுத்தான். ஒரு நாள், ஒரு வாரம், பிறகு இரண்டு மாதம்.

சவரம் இல்லை. பேச்சு இல்லை. சன்னல் திரையை விலக்கினால் கத்தினான். காலையில் எழுந்து வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும், நாலு பேரோடு பேச வேண்டும் என்றார் கிளினிக் டாக்டர். அதற்கு முதலில் எழுந்திருக்க வேண்டுமே.

அப்போதெல்லாம் அவன் மனைவி வாசுகி, சூப்பர்மார்க்கெட்டில் கல்லாவில் இருந்துகொண்டே மணிக்கு ஒரு தரம் போன் செய்வாள். "சாப்டீங்களா?" என்பாள். உயிரோடு இருக்கிறானா என்று அப்படித்தான் கேட்டாள்.

இந்த வருடமும் முதல் மழையிலேயே கட்டில் அவனை இழுத்துப் பிடித்தது. அதற்குள் இந்தக் கோளாறு வந்து சேர்ந்தது.

அந்த சுவிட்ச் எப்படி வேலை செய்கிறது என்பது அவனுக்கு அத்துப்படி. படகுத்துறையில் தீவுக்கு ஆள் ஏற்றும்போது தலையை எண்ணுவார்கள். திரும்பி இறங்கும்போதும் எண்ணுவார்கள். அதேபோல, ஒரு கம்பியில் போகும் மின்சாரம் மற்றொன்றில் அப்படியே திரும்பி வருகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். ஈரச் சுவரிலோ ஓர் ஆளின் உடம்பிலோ துளி ஒழுகினாலும் கணக்கு உதைக்கும். உடனே விழுந்துவிடும்.

மழைக்காலம், ஈரம்தான் காரணம் என்று முதலில் நினைத்தான். வாசல் விளக்கைக் கழற்றித் துடைத்தான். குளியலறை வாட்டர் ஹீட்டரின் இணைப்பைத் துண்டித்தான். துணி துவைக்கும் இயந்திரத்தைத் திருப்பிப் போட்டு ஒரு நாள் முழுக்க அதோடு மல்லுக்கட்டினான். ஒயர் வாங்கக் கடைக்குப் போனவன், அங்கே இரண்டு பேரோடு ஒரு மணி நேரம் வாதாடினான். கடைசியில் அந்த சுவிட்சையே புதிதாக வாங்கி மாட்டினான்.

மறுநாளும் ஏழரைக்கு விழுந்தது. அதுதான் இன்றைய எட்டாம் நாள்.

அன்றிரவு கடைசிச் சோதனையாக, பெட்டியில் இருந்த சின்ன சுவிட்சுகள் எல்லாவற்றையும் இறக்கினான். இப்போது விளக்குக்கும் விசிறிக்கும் மின்சாரம் போக வழியே இல்லை. தினமும் விழும் அந்தப் பெரியது மட்டும் மேலே நின்றது. வாசுகியிடம், காலையில் டார்ச் வைத்துச் சமாளிக்கச் சொன்னான். அவள் 'உம்' கொட்டினாள். அவன் எதை விளக்கினாலும் அவள் அப்படித்தான்.

ஒன்பதாம் நாள் ஏழு மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. அறைக் கதவு சாத்தியிருந்தது. கண்ணை மூடாமல் காத்துக் கிடந்தான்.

ஏழரைக்கு 'டப்' என்று ஒரு சத்தம்.

கைபேசி வெளிச்சத்தோடு ஓடிப்போய்ப் பார்த்தான். திறந்து கிடந்த பெட்டியில் பெரிய சுவிட்ச் விழுந்திருந்தது.

ஒழுகுவதற்கு ஒரு கம்பிகூட இல்லை. சுவிட்சோ புதுசு. பிறகு எப்படி?

ஸ்டூலில் ஏறப் போனவன் நின்றான். இந்த ஸ்டூல் அடுப்படியில் கிடப்பது. தினமும் வேலை முடிந்ததும் அவன்தான் கொண்டுபோய் அங்கே வைக்கிறான். தினமும் காலையில் அது கதவோரம் கிடக்கிறது.

சுவிட்சின் ஓரத்தில் இருந்த சின்னப் பட்டனைப் பார்த்தான். அதை அமுக்கினால் ஒழுகாமலேயே ஒழுகியதுபோல் ஆகும், சுவிட்ச் விழும். நல்ல நிலையில் இருக்கிறதா என்று சோதிக்க வைத்தது. இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று, மாதம் ஒரு தடவை இதை அமுக்க வேண்டும் என்று வாசுகிக்கு விளக்கியிருந்தான்.

அன்றும் அவள் 'உம்'தான் கொட்டினாள்.

வாசுகி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அடுப்படியிலிருந்து வந்தாள். அவன் முகத்தை நேராகப் பார்க்கவில்லை.

"என்னங்க, கோளாறு தெரிஞ்சிருச்சா?"

ஜெயபாலன் கதவைத் திறந்தான். மழை வெளிச்சம் கூடத்துக்குள் வந்தது.

"இல்லலா. பெரிய கேஸ் இது. பிப்ரவரி வரைக்கும் இழுக்கும்போல."

அவள் ஹெல்மெட் வாரை இறுக்கினாள். பிறகு 'உம்' என்றாள்.

அவளுடைய மோட்டார் சைக்கிள் தெருமுனை திரும்பும்வரை அவன் வாசலில் நின்றான். சுவிட்சுகளை எல்லாம் மேலே தள்ளிவிட்டு இறங்கியவன், ஸ்டூலை அடுப்படிக்குக் கொண்டுபோகவில்லை. மின்பெட்டிக்கு நேர் கீழே, நான்கு காலும் ஆடாமல் தரையில் படும்படி பார்த்து வைத்தான்.