ஒரே மடக்கில்

மீன்சாறு குடித்த வியாபாரி எயோ சுருண்டு விழுந்து செத்துப்போனார். விஷம் வைத்தது அவருடைய அடிமைப் படகோட்டி எத்திம்தான் என்று ஆப்பிரிக்கத் துறைமுகமான காலபார் முழுக்கப் பேச்சு.

எசரே விஷக்கொட்டையை அரைத்துக் கரைத்துச் சபையில் வைத்தார்கள். குற்றவாளி பயந்து பயந்து உறிஞ்சிச் செத்துப்போவான். நெஞ்சில் கள்ளமில்லாதவன் மடக்கென்று குடித்து, கக்கிப் பிழைப்பான்.

“எடுத்துக் குடிடா!” என்றார் தலைவர். எத்திம் கிண்ணத்தைப் பயந்து பயந்து உதட்டருகே கொண்டுபோனான்.

“சாறு காய்ச்சினவ நான். அவனுக்கு என்ன தெரியும்?” எயோவின் இளைய மனைவி ஆரித் கிண்ணத்தைப் பிடுங்கி ஒரே மடக்கில் குடித்துவிட்டாள். குடலே வெளியே வந்துவிடும்போலக் கக்கினாள். பிழைத்தாள்!

“காய்ச்சினவளே சுத்தம்னா சாறும் சுத்தம். வியாதிதான் கொண்டுபோயிருக்கு” என்று தலைவர் சபையைக் கலைத்தார்.

மறுநாள் அவளைத் தாய்வீட்டுக்குப் படகில் ஏற்றிப்போனான் எத்திம்.

“நீ பண்ணியிருக்க மாட்டேன்னு எனக்கு அப்பவே தெரியும், ஆரித்.”

“நான்தான் பண்ணினேன். உன்னைக் கப்பல்காரனுக்கு விக்கப் பேசிட்டாரே மனுஷன்!”

“அப்போ பயமே இல்லாம எப்படி மடக்குன்னு…?”

“நான் செத்தா உன்னை விட்டுடுவாங்கல்ல? சாகணும்னு குடிக்கிறவ எதுக்கு உறிஞ்சி உறிஞ்சிக் குடிக்கணும்?”

எத்திம் துடுப்பை மடியில் வைத்துவிட்டு அவளையே பார்த்தான். படகு தன்பாட்டுக்கு ஆற்றோடு போய்க்கொண்டிருந்தது.