இரண்டாம் மாடியில் முலூகியா

“கதவைத் திற. பூண்டு வாசனை படிக்கட்டு வரைக்கும் மணக்குது. இன்னும் யாரை ஏமாத்தப் பாக்கிற?”

ரிஹாப் கதவைத் திறக்கக் கொஞ்சம் நேரமாயிற்று. திறந்ததுதான் தாமதம், விடுதிக் கண்காணிப்பாளர் அப்லா இன்ஸாஃப் அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

தேட வேண்டிய வேலையே இல்லை. ஜன்னலோரம் தரையில் மின்சார அடுப்பு. அதன் மேல் பானை நிறைய முலூகியாக் கீரை. பக்கத்தில் சின்ன வாணலியில், நெய்யில் பாதி சிவந்த பூண்டும் மல்லியும்.

வெள்ளிக்கிழமை என்பதால் பாதி விடுதி ஊருக்குப் போயிருந்தது. ரிஹாபின் அறைத்தோழி நிஹாலும் போய்விட்டாள்.

“யாரு சமைச்சது?”

“நான்தான்.”

ரிஹாப் கையைக் கட்டிக்கொண்டு துணி அலமாரியில் சாய்ந்து நின்றாள். அப்லாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“நீயா? உங்கம்மா உன்னைச் சேக்க வந்தப்ப என் கையைப் பிடிச்சுக்கிட்டு என்ன சொன்னாங்க தெரியுமா? ‘இவளுக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது, நீங்கதான் பாத்துக்கணும்’னாங்க.”

“அது ரெண்டு வருஷம் முன்னாடி. இப்பக் கத்துக்கிட்டேன்.”

அப்லா கதவின் பின்பக்கம் ஒட்டியிருந்த விதித்தாளில் விரலை வைத்தார். “அறையில சமைச்சா அடுப்பு பறிமுதல், ஒரு மாசம் சாப்பாட்டு அட்டை கிடையாது. வெளியாளைத் தங்க வச்சாலோ, கண்காணிப்பாளர்கிட்ட பொய் சொன்னாலோ விடுதியில இடமே போயிடும். படிச்சிருக்கியா?”

“மனப்பாடம். பசங்க விடுதியிலயும் இதே தாளைத்தான் ஒட்டியிருக்காங்க. அங்க ஜன்னலுக்கு ஜன்னல் கெட்டில் கொதிக்குது. அவங்க வாசல் கேட் நடுராத்திரி வரைக்கும் திறந்து கிடக்கு. எங்களுக்கு மட்டும் சாயங்காலம் மக்ரிப் பாங்கு சொன்னதும் பூட்டு. அதையும் சேத்து எழுதிக்குங்க.”

“போன மாசம் எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கி மனுக் கொடுத்தவளும் நீதானே?”

“அதுவும் நான்தான்.”

சட்டம் படிக்கிற பெண்ணுக்கு வாய் நீளமாக இருப்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் உள்ளுக்குள் அவளுக்குப் பயம்தான். ‘விடுதியில் இடம் போச்சுன்னா அடுத்த ரயிலைப் பிடிச்சு வீட்டுக்கு வந்துடு, படிச்சது போதும்’ என்று சொந்த ஊரான சோஹாகிலிருந்து அப்பா முன்பே சொல்லிவிட்டார். சொன்னால் சொன்னதுதான், மாற மாட்டார். பரிந்து பேசுகிற அம்மாவும் தன்னோடு சண்டை போட்டுவிட்டுப் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள் என்று போன வாரம் அவரே தொலைபேசியில் கத்தியிருந்தார்.

“தட்டு எதுக்கு ரெண்டு?” அப்லாவின் கண் கட்டிலுக்கு அடியில் போயிருந்தது.

“ரொம்பப் பசி.”

“இங்க பாரு ரிஹாப், நான் இந்த வேலைக்கு நேத்து வந்தவ இல்ல. எவளோ கைப்பக்குவம் தெரிஞ்சவ சமைச்சிருக்கா. என் செருப்புச் சத்தம் கேட்டதும் ஓடிட்டா. அவ பேரைச் சொல்லு, உன்னை விட்டுடறேன்.”

“வல்லாஹி, அல்லா மேல சத்தியமா இந்த அறையிலேருந்து ஒருத்தரும் ஓடலை.”

“அடுத்தவளுக்காக ஏன்டி உன் படிப்பைக் கெடுத்துக்கிற?”

“பேர்தானே வேணும்? ரிஹாப் அப்துல் ஜவாத். சட்டம், மூணாம் வருஷம். எழுதுங்க. அடுப்பை எடுத்துக்குங்க, அட்டையை எடுத்துக்குங்க. அந்த வேகாத அவரையைத் தின்னாம ஒரு மாசம் நிம்மதியா இருப்பேன்.”

அப்லா அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு குனிந்து பானையை இறக்கிவிட்டு வாணலியை அடுப்பில் ஏற்றி, சுவிட்சைப் போட்டார். பூண்டு மறுபடி பொரியத் தொடங்கியது.

“சரி, நீ சமைச்சதாவே இருக்கட்டும். தாளிப்பு பாக்கி இருக்கில்ல? என் கண் முன்னாடி கொட்டி முடி. நீதானா இல்லையான்னு அதுலயே தெரிஞ்சுடும்.”

அதில் என்ன தெரியும் என்று ரிஹாபுக்குப் புரியவில்லை. அந்த ஊரில் அடுப்படிப் பக்கம் போன எந்தப் பெண்ணுக்கும் புரிந்திருக்கும். முலூகியாவில் தாளிப்பைக் கொட்டுகிற நொடியில் ‘ஹா’ என்று நெஞ்சு நிறைய மூச்சை இழுக்க வேண்டும். இழுக்காவிட்டால் கீரை அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும், மேலே வெறும் தண்ணீர்தான் நிற்கும். அதெல்லாம் மூடநம்பிக்கை என்று பேசுகிற மருத்துவக் கல்லூரிப் பெண்கள்கூட மூச்சை இழுக்காமல் கொட்டியதில்லை. பழகியவர்களுக்கு அது தும்மல் மாதிரி, அடக்க முடியாது. வீட்டில் அம்மா கொட்டுகிற நேரத்தில் ரிஹாப் எப்போதும் புத்தகமும் கையுமாக அடுத்த அறையில் இருந்தவள்.

“என்ன, பயமா இருக்கா?”

“எனக்கா?”

அலமாரியை விட்டு வர அவளுக்கு மனமில்லை. இருந்தாலும் வந்தாள். வாணலியைத் துணியால் பிடித்துத் தூக்கினாள். ஒரு சொட்டுகூடச் சிந்தக் கூடாது என்று பல்லைக் கடித்து, உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, பூண்டையும் நெய்யையும் அப்படியே பானையில் கவிழ்த்தாள்.

சொர்ரென்றது கீரை. கூடவே, “ஹா” என்று அறை முழுக்கக் கேட்கும்படி ஒரு மூச்சு.

இழுத்தது ரிஹாப் இல்லை. அப்லாவும் இல்லை.

துணி அலமாரியின் கதவு படாரென்று திறந்தது. “வாயை மூடிக்கிட்டுக் கொட்டுறியேடி பாவி, கீரை அடியில போயிடாதா? தள்ளிப் போ” என்று மகள் கையிலிருந்த வாணலியைப் பிடுங்கினாள் ரிஹாபின் அம்மா.