மேகம் மூடிய ஏழு நாள்

மோட்டார் முதன்முதலாகக் "கிர்ர்ர்" என்று முனகிய சத்தம், எத்தனையோ வருடம் கழித்தும் அசையாத சூரியத் தகட்டின் நினைவில் இருக்கிறது. பக்கத்தில் புதிதாக வந்த சுழலித் தகடு அன்றுதான் சூரியன் போகும் பக்கமெல்லாம் முகம் திருப்பத் தொடங்கியது.

"என்ன அக்கா, குத்துக்கல் மாதிரி நிற்கிறாய்? காலையில் கிழக்கு, சாயங்காலம் மேற்கு, உச்சியில் அண்ணாந்து பார்க்க வேண்டாமா?" என்று அது சிரித்தது.

"எனக்குக் கிழக்கு மேற்கு மட்டும் போதும்" என்றது இரண்டுக்கும் இடையில் நின்ற நடுத் தகடு; அதன் மோட்டாருக்கு அந்த இரு பக்கம் மட்டுமே திரும்பத் தெரியும்.

பொறியாளர் மூன்றையும் ஏழு நாள் அளக்கப்போகிறார். அதிக மின்சாரம் தரும் தகடு எதுவோ அதைப் போலவே திடல் முழுக்க நடுவார். மற்ற இரண்டையும் கழற்றிவிடுவார். அசையாத தகட்டுக்குப் பயம் பிடித்தது.

ஏழு நாளும் மேகம் கலையவில்லை. கண்ணில் படாத சூரியனைத் தேடி மற்ற இரண்டும் மாறி மாறித் திரும்பின. சேர்த்ததில் பாதியை மோட்டார்களே தின்றன. வானம் முழுக்கக் கசிந்த மங்கல் வெளிச்சம் அசையாத தகட்டின் மேல் தானாக விழுந்தது.

எட்டாம் நாள் மீட்டரைப் பார்த்துவிட்டுப் பொறியாளர் அசையாத தகட்டைத் தட்டிக்கொடுத்தார்.

"எப்படி அக்கா ஜெயித்தாய்?" என்று கேட்டது சுழலி.

"எனக்கே விளங்கவில்லையடி. நான் சும்மாதானே நின்றேன்!"

ஒன்பதாம் நாள் வெயில் கொளுத்தியது. சுழலி ஆசையோடு கிழக்கே திரும்பிக்கொண்டிருந்தபோதே ஸ்பானரோடு ஆட்கள் வந்துவிட்டார்கள். 'இன்று ஒருநாள் அளந்து பாருங்களேன்' என்று அசையாத தகடு கத்தியது யார் காதிலும் விழவில்லை.

நடுத் தகடு லாரியில் போனது. சுழலியைக் காவலாளியின் கொட்டகைக் கூரையில் மல்லாத்தி வைத்தார்கள். அங்கே அது ஒரு மின்விசிறியை ஓட்டுகிறது.